நாதசுரக் கல்வியும் அதற்கான தகுதிகளும்

நாதசுரக் கல்வி என்பது, கோயில் வழிபாட்டிலும் மங்கல நிகழ்ச்சிகளிலும் தவிலோடு இணைந்து ஒலிக்கும் நாதசுரத்தை முறையாகப் பயில்வதையும், அந்தப் பயிற்சிக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் வகுத்துள்ள சேர்க்கைத் தகுதி, பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ், பட்டம் ஆகியவற்றையும் குறிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆசிரியரின் வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் மட்டுமே நிகழ்ந்த இக்கல்வி, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள் வகுப்பறைக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் வந்து சேர்ந்தது. இந்த மாற்றத்தால் பிறப்பு வழியாக மட்டுமே கிட்டிய ஒரு கலை எல்லோருக்கும் திறந்தது. ஆயினும் கலையின் உயிரான சில பகுதிகள் பாடத்திட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கின.

மூச்சு, உதடு, விரல் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் ஆளும் பழக்கத்தைக் கோருவதால் நாதசுரம் கடினமான கருவிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கப்படும் நீண்ட குழல், அதன் அடியில் பொருந்தும் விரிந்த வாயாகிய அணசு, மேல்முனையில் செருகப்படும் சீவாளி ஆகியவை இதன் முதன்மையான உறுப்புகள். சீவாளி என்பது ஆற்றங்கரை நாணற்தட்டையைப் பதப்படுத்திச் செய்யப்படும் ஊதுவாய். எச்சிலில் நனைந்து இளகினால்தான் அது பேசும் என்பதாலும், விரைவில் தேய்ந்துவிடும் என்பதாலும், மாற்றுச் சீவாளிகளும் அவற்றின் வாயைச் சரிசெய்யும் சிறு ஊசியும் குழலின் தலைப்பகுதியில் நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். விரலால் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே உள்ள மற்றத் துளைகள் சுருதியைச் சீர்செய்யப் பயன்படுகின்றன. துளையை அரையாகவும் காலாகவும் மூடுவதாலும், சீவாளியின் மீது உதட்டின் பிடியை மாற்றுவதாலும், காற்றைக் கூட்டிக் குறைப்பதாலும் மட்டுமே இடைச்சுரங்களும் கமகங்களும், அதாவது சுரங்களின் அசைவுகளும், பிறக்கின்றன. இதனால்தான் தொடக்க மாணவர் பல மாதங்கள் ஒற்றைச் சுரத்தை நீட்டி ஊதும் சாதகத்திலேயே இருத்தப்படுகிறார்; பாட்டுப் படிப்பவர் சில வாரங்களில் கடந்துவிடும் சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சி இவருக்கு ஓராண்டு வேலையாக அமைவதும் உண்டு.

குருகுலக் காலத்தில் சேர்க்கைத் தகுதி என்று எழுதிவைக்கப்பட்ட விதி எதுவும் இல்லை. இசை வேளாளர் குடும்பங்களிலும், தென்மாவட்டங்களில் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்களிலும் பிறந்த ஆண்பிள்ளைகள் தந்தையிடமோ தாய்மாமனிடமோ கற்றுக்கொண்டு, பிறகு பெயர்பெற்ற வித்துவானின் வீட்டில் தங்கி, முதலில் ஒத்து ஊதி, அதாவது சுருதிக்காக ஒரே சுரத்தைத் தொடர்ந்து ஒலிக்கும் துணைக்குழலை ஊதி, காது பழகிய பின்னரே இரண்டாம் நாதசுரமாக அமர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் (1898–1956) பயின்று, அவரோடு மேடைகளில் துணையாக ஊதித் தேர்ந்தவர். கச்சேரி மேடையே அவருக்குத் தேர்வுக்கூடமாகவும் இருந்தது. இம்முறையின் ஆழத்தை எந்தக் கல்லூரியும் இன்றுவரை எட்டவில்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கருத்து. அதே வேளையில், வேறு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இம்முறை கதவைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தது என்பதும் மறைக்கக்கூடாத உண்மை. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் பெண்ணாக இருந்து இக்கருவியில் முன்னோடிப் பெயர் பெற்றது ஒரு பெரும் சாதனையாகப் பேசப்படுவதற்கு அந்தத் தடையே காரணம்.

நிறுவனக் கல்வியின் தொடக்கம் சிதம்பரத்தில் அமைந்தது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் அங்கு உருவாக்கிய இசைக்கல்லூரி, அவர் நிறுவிய பல்கலைக்கழகத்தின் உறுப்பாகி, சங்கீத பூஷணம் என்னும் பட்டத்தை வழங்கியது. 1949இல் சென்னையில் அரசின் கருநாடக இசைக்கல்லூரி முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. திருவையாறு (1965), மதுரை (1979), கோயம்புத்தூர் (1998) ஆகிய ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் தொடர்ந்தன. 2013இல் நிறுவப்பட்டு இப்போது டாக்டர் ஜெ. ஜெயலலிதாவின் பெயரில் வழங்கும் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இக்கல்லூரிகள் கொண்டுவரப்பட்டன. இந்நிறுவனங்களின் பாட அமைப்பு முதலில் வாய்ப்பாட்டை மையமாக வைத்தே எழுந்தது; வரிசைகள், அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஏறிச்செல்லும் அந்தப் படிக்கட்டே பின்னர் நாதசுரத்துக்கும் பொருத்தப்பட்டது.

இதே வகை மாற்றத்தை வேறொரு வழிபாட்டுக் காற்றுக்கருவியும் முன்னரே சந்தித்தது. தேவாலயங்களின் குழாய் ஆர்கன் பல நூற்றாண்டுகள் ஆலய இசைஞரிடம் தொழில் பழகியே கற்கப்பட்டு, 1795இல் பாரிசில் தோன்றிய இசைக்கல்லூரி போன்ற நிறுவனங்களுக்குள் வந்தது. இலண்டனில் ஆர்கன் இசைஞர்களுக்கென்றே 1864இல் ஒரு கழகம் தோன்றித் தேர்வு நடத்தத் தலைப்பட்டது. 1872 முதல் பாரிசில் ஆர்கன் பேராசிரியராக இருந்த சேசர் பிராங்க் காலத்துத் தேர்வில், எழுதிவைத்த ஒரு படைப்பை வாசித்தல் சிறுபகுதியாகவே இருந்தது. வழிபாட்டுப் பாடலுக்கு உடனடியாகத் துணையிசை அமைத்தலும், கொடுக்கப்பட்ட மெட்டை அங்கேயே விரித்து வாசித்தலும்தான் பெரும்பகுதி. ஆலயத்தில் அன்றாடம் செய்ய வேண்டிய வேலையைத் தேர்வின் நடுவே வைத்த இந்த ஏற்பாடு நாதசுரக் கல்வியை வகுப்போர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் நாதசுரம் பயில இன்று வேண்டப்படும் தகுதிகள் நிலைக்கேற்ப வேறுபடுகின்றன. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள், குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு கலைகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் பயிற்சி அளிக்கின்றன. 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். மற்றக் கலைகளுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படும்போது, நாதசுரம், தவில், தேவாரம் ஆகிய மூன்றுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். பள்ளிப் படிப்பு இடையில் நின்றுபோன பிள்ளைகளுக்கும் வழி கிடைப்பதால் இந்தத் தளர்வு மிக நியாயமானது. பட்டப்படிப்புக்கு மேல்நிலைப் பள்ளித் தேர்ச்சி வேண்டும். அதைக் கடந்து முதுகலையும் ஆய்வும் உள்ளன. சேர்க்கையின்போது குரல், தாளம், சுருதி உணர்வு ஆகியவை சோதிக்கப்படுகின்றன. ஆயினும் உண்மையான தேர்வு, மாணவர் சீவாளியை வாயில் வைத்து ஒரு நாழிகை தளராமல் ஊத முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட பகுதியில், அர்ச்சுனா நதியின் குறுக்கே அமைந்த அணையால் அறியப்படும் ஆனைக்குட்டத்தைப் போன்ற ஊர்களுக்கு, எட்டும் தொலைவில் உள்ள முதல் நிறுவனம் விருதுநகர் மாவட்ட அரசு இசைப்பள்ளியே. பட்டப்படிப்பை நாடுபவர் மதுரை அரசு இசைக்கல்லூரிக்குச் செல்ல வேண்டும். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் பிழைப்பாக உள்ள இவ்வட்டாரத்தில் மேளத்துக்குத் தேவை குறைந்ததே இல்லை. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்திரகாளியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா, திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர், திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் உற்சவங்கள் எனக் கோயில் சார்ந்த வாய்ப்புகளே ஏராளம். சிற்றூர்க் கோயில்களின் கொடை விழாக்களிலும் கரகாட்டத்திலும் ஒலிப்பதோ நையாண்டி மேளம்: இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம் என்று அமையும் இந்தக் குழுவில் நாதசுரக்காரர் ஆட்டக்காரரின் காலடியைப் பார்த்தபடி மெட்டை மாற்றிக்கொண்டே போக வேண்டும், இரவெல்லாம் நின்றும் நடந்தும் ஊத வேண்டும். இதற்குத் தேவைப்படும் மூச்சுவலிமையும் சமயோசிதமும் பெரிய மேளத்துக்கு, அதாவது கோயில் மரபின் நாதசுரம்–தவில் குழுவுக்கு, வேண்டியதற்குக் குறைந்தவை அல்ல. ஆனால் நையாண்டி மேளத்தின் வாசிப்பு முறை மூன்றாண்டுச் சான்றிதழ்ப் பாடத்தின் மையத்தில் இன்னும் இடம்பெறவில்லை. வட்டாரத்தில் பிழைப்புத் தரும் கலை ஒன்றாகவும் சான்றிதழ் தரும் கலை வேறொன்றாகவும் நிற்கின்றன.

பாடத்திட்டத்தின் பெருங்குறை, நாதசுரத்துக்கே உரியவை பின்னுக்குப் போனதுதான். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை இராகத்தில் சொல்லில்லாமல் ஊதப்படும் மல்லாரி, தீர்த்தத்துக்கும் தளிகைக்கும் தேருக்கும் என்று தனித்தனி வகைகளைக் கொண்டது. தேர் நகரும் வேகத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் தக்கபடி அதை நீட்டவும் மடக்கவும் தெரிந்தவரே முழுமையான வித்துவான். விடியலுக்குப் பூபாளமும் பௌளியும், பள்ளியறைக்கு நீலாம்பரியும் என்ற கால ஒழுங்கு, தவிலின் சொற்கட்டுகளோடு பின்னிப் பல காலங்களில் விரியும் ரக்தி, ஒரே இராகத்தை மணிக்கணக்கில் வளர்க்கும் ஆலாபனை ஆகியவையும் இவ்வகையின. இவற்றை வகுப்பறையில் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள வேண்டிய இடம் கோயில் வீதி. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் ஒரு கீர்த்தனையை முடித்துவிட முடியும், ஓர் இராகத்தை வளர்க்க முடியாது. கீர்த்தனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு தேர்ச்சியை அளப்பது வாய்ப்பாட்டுக்குப் பொருந்தலாம். நாதசுரத்துக்கு அது போதாது என்றே சொல்ல வேண்டும்.

கருவி வாங்கும் செலவும் எழுதப்படாத ஒரு தகுதியாகவே உள்ளது. தஞ்சை வட்டாரத்து நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தில் செய்யப்படும் நாதசுரமே உயர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறுகிய திமிரி நாதசுரத்தின் இடத்தில் நீண்ட, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாதசுரம் பரவியதற்கு அவ்வூர்க் கைவினைஞர் ரங்கநாதன் ஆசாரியும் ராஜரத்தினம் பிள்ளையும் காரணர்கள். தரமான குழலும் மாதந்தோறும் சீவாளியும் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை மட்டும் பெரிய உதவியாக அமையாது.

இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் நாதசுரப் பணிக்கான அறிவிப்புகள், தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதோடு, அரசோ சமய நிறுவனங்களோ நடத்தும் இசைப்பள்ளியின் உரிய சான்றிதழையும் கேட்கின்றன. ஆகவே, பரம்பரையாக ஊதிவரும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இன்று சான்றிதழ் இன்றியமையாதது. ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வாசிப்பு அறிந்த இளைஞர்கள் 25 வயதைக் கடக்கும் முன் விருதுநகர்ப் பள்ளியில் சேர்ந்துவிடுவது நல்லது. பாடம் வகுப்போர், சான்றிதழ்த் தேர்வில் மல்லாரியையும் ஆலாபனையையும் வட்டார மேளத்தையும் கட்டாயமாக்குவது அதைவிட முதன்மையான கடமை.