தேநீர்க் குவளையும் வாடகை வீடும்: குடியேறும் முன் ஊரை அறிவது எப்படி?

வீடு தேடுவோருக்கு நாளேடுகளின் வீட்டுமனைப் பக்கங்கள் ஓர் அறிவுரை வழங்குவதுண்டு: குடியேற நினைக்கும் பகுதியின் உணவகங்களை முதலில் பாருங்கள்; கடைகள் பெருகிக் கூட்டம் நிறைந்திருந்தால் அது வளரும் பகுதி. இவ்வறிவுரையை நாமும் ஏற்கிறோம். காரணம் மட்டும் வேறு. படிப்புக்கோ வேலைக்கோ சொந்த ஊரை விட்டு வரும் தலித் ஒருவருக்கு, தோசையின் சுவையை விட, அது எந்தத் தட்டில், எந்த இடத்தில் வைத்துத் தரப்படுகிறது என்பதே அவ்வூரைப் பற்றிய முதல் செய்தி. வீட்டு உரிமையாளர் வாய் திறந்து சொல்லத் தயங்குவதைத் தேநீர்க் கடை ஒளிக்காமல் காட்டிவிடும்.

புதுச்சேரி–கடலூர் சாலையை ஒட்டிய பிள்ளையார்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி அங்கே இயங்குகிறது; அருகிலுள்ள கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி. மாணவர்கள், செவிலியர்கள், ஆய்வக ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எனப் பலரும் இப்பகுதியில் வாடகைக்கு அறை தேடுகின்றனர். இவ்வூரைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. வெளியூரார் வந்து குடியேறும் பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இக்குறிப்பு பொருந்தும்.

முதலில் தவிர்க்க வேண்டிய பிழை ஒன்றுண்டு. கல்லூரி வாயிலில் உள்ள கடையை வைத்து ஊரை மதிப்பிடக் கூடாது. அங்கே வாடிக்கையாளர் அனைவரும் வெளியூரார். யார் எந்தச் சாதி என்று கடைக்காரருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இருக்காது. ஊரின் உண்மை முகம், கோயில் தெருவிலோ பால் கூட்டுறவுச் சங்கத்தின் அருகிலோ உள்ள கடையில், காலை ஆறு மணிக்குத் தெரியும். வயலுக்குப் போகும் கூலித் தொழிலாளரும் நிலவுடைமையாளரும் ஒரே நேரத்தில் தேநீர் கேட்கும் வேளை அது.

அந்தக் கடை எவ்வளவு பேசும் என்பதற்கு வேங்கைவயலே சான்று. புதுக்கோட்டை மாவட்டம் இறையூரை அடுத்த அச்சிற்றூரில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் இறுதியில் தெரிய வந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும், உள்ளூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதையும், தலித்துகளுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்படுவதையும் கண்டறிந்தனர். கடைக்காரர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. தொட்டி பற்றிய விசாரணையின் போக்கு இன்றளவும் சர்ச்சைக்குரியது. ஆனால் அரசு அதிகாரிகள் அன்று கண்டதை, அக்கடையில் தேநீர் அருந்திய ஒவ்வொருவரும் முன்னரே அறிந்திருந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கடைக்காரர் விற்க மறுத்தார். அந்தக் காணொலி பரவிய பின்னரே கைதுகள் நடந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டோர் அவ்வூருக்குள் நுழையத் தடையும் விதிக்கப்பட்டது.

எதைப் பார்ப்பது? பழைய அடையாளங்கள் எளியவை: கூரைவாரத்தில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்ட குவளை, குடித்தவரே கழுவி வைக்க வேண்டும் என்ற வழக்கம், சிலர் மட்டும் உட்காராத பெஞ்சு. இப்போது காகிதக் குவளை வந்து இவற்றை மறைத்துவிட்டது. அனைவருக்கும் காகிதக் குவளை என்றால் அது சுகாதாரம். சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்கு மட்டும் காகிதம் என்றால் அது தீண்டாமை. உட்கார்ந்து உண்ண வேண்டிய சிற்றுண்டியை ஒரு தெருவினருக்கு மட்டும் ‘பார்சல்’ ஆகவே கட்டித் தருகிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். காலனிக்குள் ஒரு தேநீர்க் கடை இருந்தால், ஊர்த்தெருவினர் அங்கு வந்து குடிக்கிறார்களா? காலனியினர் ஊருக்குள் வந்து குடிப்பதும், ஊரார் காலனிக்குச் சென்று குடிக்காததும் நடைமுறையாக இருந்தால், கடைகள் சட்டப்படி சரியாக இருந்தாலும் ஊர் மாறவில்லை. மாட்டுக்கறிக் கடை கடைத்தெருவில் மற்றக் கடைகளோடு இருக்கிறதா, ஊரின் எல்லைக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதும் ஒரு குறிப்பே.

சமைப்பவர் யார், எச்சில் இலை எடுப்பவர் யார் என்ற கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சத்துணவுச் சமையலராகப் பொறுப்பேற்ற அருந்ததியர் பெண்ணை, ஆதிக்கச் சாதியினர் எதிர்த்ததும் இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்திற்குப் பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. தலித் வாடிக்கையாளரின் பணத்தை ஏற்கும் ஊர், தலித் கை சமைத்த சோற்றை ஏற்காமல் போகலாம்.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் இயக்கம் மறியல் செய்தது. அன்று சாதி பலகையில் எழுதப்பட்டிருந்தது. இன்று வாடகை விளம்பரத்தில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதப்படுகிறது. ஞாயிறுதோறும் தெரு முழுதும் ஆட்டுக்கறி மணக்கும் ஊரில் இந்நிபந்தனை விதிக்கப்பட்டால், அது உணவைப் பற்றியது அன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. மறுபுறம், பிரியாணிக் கடைகள் நிறைந்திருப்பதால் ஒரு பகுதி சாதி கடந்தது என்று முடிவு செய்வதும் தவறு. அசைவம் உண்ணும் சாதியினரே பல கிராமங்களில் தீண்டாமையைக் காவல் செய்கின்றனர்.

குவளையையும் வீட்டையும் நாம் இணைத்துப் பேசுவது உவமைக்காக அன்று, சட்டமே இணைத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976 முதல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்குகிறது. அதன் 4ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு கடை, உணவக நுழைவையும், இரண்டாவது அங்குள்ள பாத்திரங்களின் பயன்பாட்டையும், எட்டாவது எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுதல், பெறுதல், அதில் வாழ்தல் ஆகியவற்றையும் பாதுகாக்கின்றன. தீண்டாமை அடிப்படையிலான பாகுபாடும் குற்றமே என்று அப்பிரிவின் விளக்கம் கூறுவதால், ‘தேநீர் கொடுத்தேனே’ என்ற பதில் செல்லாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், செயல் தீண்டாமையால் நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. மறுப்பை மெய்ப்பிக்கும் சுமை எதிரியுடையது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதச் சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். இத்தொகை இன்று நகைப்புக்குரியது. பொதுப் பயன்பாட்டுப் பாத்திரங்களை மறுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்கீழும் குற்றம். அங்கே ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுச் சிறை.

வீடு மறுப்பு வழக்குகளில் வழி இன்னும் கரடுமுரடானது. வீட்டு வசதிச் சங்கங்கள் தம் உறுப்பினர் தகுதியைக் குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டுப்படுத்தலாம் என்ற நிலைப்பாட்டை, ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் எடுத்தது. இது தனிச்சொத்து என்ற வாதத்திற்கு வலுவூட்டியது. ஆனால் 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில், அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவிலுள்ள ‘கடை’ என்ற சொல்லுக்கு அரசமைப்பு அவையில் அம்பேத்கர் அளித்த விரிந்த பொருளை அந்நீதிமன்றமே ஏற்றது. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்து வாடகைக்கு விடுவதும் அப்பொருளுக்குள் வரும் என்பது நம் வாதம். 2015 திருத்தத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரப் புறக்கணிப்பை வரையறுத்துள்ளது. வழக்கமான வணிக நிபந்தனைகளின்படி ஒன்றைச் செய்ய மறுப்பதும் அதில் அடங்கும். சாதி தெரிந்ததும் முன்பணத்தைத் திருப்பித் தருவதை இதன்கீழ் கொண்டுவர முயல வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் இவ்வழக்குகள் விழுவது சட்டக் குறையால் அன்று, சான்றுக் குறையால். தரகரோடு பேச்சைத் தொலைபேசியில் முடிக்காமல் செய்தியாக எழுதி வாங்குங்கள். வீடு காலி என்று சொன்ன செய்தி, ஊரும் தெருவும் கேட்ட செய்தி, இல்லை என்ற செய்தி ஆகிய மூன்றையும் தேதியோடு வைத்திருங்கள். காணொலி எடுத்த கைபேசியை மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைகளால் பாகூர்ப் பகுதியும் கடலூர் மாவட்டமும் பின்னிக் கிடக்கின்றன. தேநீர் மறுத்த கடை ஒரு மாநிலத்திலும் வீடு மறுத்த தெரு மற்றொன்றிலும் இருக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பினால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைக் காட்டுங்கள். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்வது அந்நிலையத்தின் கடமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணையும் தேவையில்லை. மனுவின் ஒரு படியைப் புதுச்சேரி காவல் துறையின் பி.சி.ஆர். பிரிவுக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.