கனடாவில் தொலைக்காட்சி உரிமப் புதுப்பிப்பும் உள்நாட்டு நிகழ்ச்சிச் செலவின நிபந்தனையும் (1959–2018): ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கனடாவின் தனியார் தொலைக்காட்சி நிறுவனங்கள் தம் ஒளிபரப்பு உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளும்போது, உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்குக் குறிப்பிட்ட அளவு பணம் செலவிட வேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டு வந்துள்ளன. தொடக்கத்தில் ஒளிபரப்பு நேரத்தின் விழுக்காடாக இருந்த இக்கடமை, பின்னர் நாடக மணிகளாகவும் டாலர் தொகையாகவும் வருவாயின் விழுக்காடாகவும் உருமாறியது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் முந்தைய அளவுகோலின் குறையிலிருந்து பிறந்தவை என்பதையும், அளவுகோலைத் தளர்த்திய இரு தருணங்களிலும் (1999, 2017) நாடகமே முதலில் இழப்புக்கு உள்ளானது அல்லது உள்ளாகவிருந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: கனடா, ஒளிபரப்பு உரிமம், உரிமப் புதுப்பிப்பு, கனடிய உள்ளடக்கம், செலவின நிபந்தனை, தேசிய முக்கியத்துவ நிகழ்ச்சிகள்.

முன்னுரை

வானலை பொதுச்சொத்து, அதைப் பயன்படுத்தும் தனியார் நிறுவனம் அதற்கு ஈடாகப் பொதுக்கடமை ஒன்றை ஏற்க வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் ஒளிபரப்புச் சட்டங்கள் பலவற்றுக்கும் அடிப்படையான கருத்தாகும். கனடாவில் இக்கருத்து தனித்த அழுத்தம் பெற்றதற்குப் புவியியலும் மொழியும் காரணங்கள். அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டி வாழ்கின்றனர். ஆங்கிலம் பேசுவோருக்கு அமெரிக்க நிகழ்ச்சிகளைக் காண மொழித்தடை ஏதுமில்லை. 1952 செப்டம்பரில் கனடிய ஒலிபரப்புக் கழகம் மாண்ட்ரியாலிலும் டொராண்டோவிலும் தொலைக்காட்சியைத் தொடங்குவதற்கு முன்பே, டொராண்டோவாசிகள் எல்லைக்கு அப்பாலுள்ள பஃபலோ நகர நிலையத்தின் ஒளிபரப்பைக் கண்டுவந்தனர்.

இச்சூழலில் உள்நாட்டு நிகழ்ச்சிகளைக் காக்க அரசு கைக்கொண்ட முதன்மைக் கருவி உரிமமே. சட்டம் பொதுவான நோக்கங்களை மட்டுமே கூறும். அவற்றை ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கடமையாக மாற்றுவது உரிமத்தில் எழுதப்படும் நிபந்தனையாகும். உரிமக் காலம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிக அளவாக ஐந்தாண்டுகளாகவும், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாண்டுகளாகவும் வரையறுக்கப்பட்டிருந்தது. எனவே, நிறுவனத்தின் கடந்தகாலச் செயல்பாட்டை மதிப்பிட்டு அடுத்த காலத்துக்கான கடமையை வரையும் முறையான வாய்ப்பு, புதுப்பிப்பு விசாரணையின்போதே கிடைத்தது. நிபந்தனைகளின் வரலாற்றைப் புதுப்பிப்புகளின் வழியே காண்பதற்கு இதுவே காரணம்.

1. நேர ஒதுக்கீட்டின் காலம்

1958ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம், கனடிய ஒலிபரப்புக் கழகத்திடமிருந்த ஒழுங்குமுறை அதிகாரத்தை நீக்கி, ஒளிபரப்பு ஆளுநர் வாரியத்திடம் அளித்தது. 1959இல் அவ்வாரியம் முதல் ஒதுக்கீட்டு விதியை அறிவித்தது. 1961 ஏப்ரல் முதல் ஒளிபரப்பு நேரத்தில் 45 விழுக்காடும், 1962 ஏப்ரல் முதல் 55 விழுக்காடும் கனடிய உள்ளடக்கமாக இருக்க வேண்டும் என்பது அவ்விதி. ஆயினும் எவை 'கனடிய' நிகழ்ச்சிகள் என்னும் வரையறை நெகிழ்வாகவே இருந்தது. கனடியர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய வெளிநாட்டு நிகழ்வுகளின் ஒளிபரப்பும் கணக்கில் இடம்பெற்றது; காமன்வெல்த் நாடுகளின் நிகழ்ச்சிகளுக்கும் பிரெஞ்சு மொழி நாடுகளின் நிகழ்ச்சிகளுக்கும் பகுதியளவு மதிப்பு வழங்கப்பட்டது.

1968ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்தின் இடத்தில் கனடிய வானொலி-தொலைக்காட்சி ஆணையத்தை (இனி, ஆணையம்) நிறுவியது. 1976இல் தொலைத்தொடர்பும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. ஆணையம் 1970இல் ஒதுக்கீட்டை 60 விழுக்காடாக உயர்த்த முடிவுசெய்தது. தனியார் நிலையங்கள் மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரையான நேரத்தில் 50 விழுக்காட்டை நிறைவுசெய்தால் போதும் என்னும் சலுகையும் அளித்தது.

நேர ஒதுக்கீட்டின் அடிப்படைக் குறை இங்கேதான் வெளிப்பட்டது. ஒரு மணி நேரச் செய்தியும் ஒரு மணி நேர நாடகமும் விதியின் பார்வையில் ஒன்றே; நிறுவனத்தின் கணக்கேட்டிலோ அவற்றுக்கிடையே பெரும் இடைவெளி உண்டு. அமெரிக்கத் தொடரொன்றின் தயாரிப்புச் செலவைப் பெருமளவில் அமெரிக்கச் சந்தையே ஈட்டிவிடுவதால், அதைக் கனடாவில் ஒளிபரப்பும் உரிமை மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கனடிய நாடகம் ஒன்றைத் தயாரிக்க அதைப் போலப் பன்மடங்கு செலவாகும். அதனால் கிட்டும் விளம்பர வருவாயோ குறைவு. ஆகவே நிறுவனங்கள் செய்தி, விளையாட்டு, வினாடி வினா போன்ற செலவு குறைந்த வகைகளால் ஒதுக்கீட்டை நிரப்பின. மாலையின் சிறந்த நேரத்தை அமெரிக்கத் தொடர்களுக்கு அளித்தன.

அரசின் பிற நடவடிக்கைகளும் இப்போக்குக்குத் துணைநின்றன எனலாம். ஒரே நிகழ்ச்சியை அமெரிக்க நிலையமும் கனடிய நிலையமும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பும்போது, கேபிள் நிறுவனங்கள் அமெரிக்க அலைவரிசையின் இடத்தில் கனடிய நிலையத்தின் ஒளிபரப்பையே காட்ட வேண்டும் என்னும் உடனிகழ் மாற்றீட்டு விதி 1970களில் நடைமுறைக்கு வந்தது. விளம்பர வருவாயைக் கனடாவிலேயே தக்கவைப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது, ஆனால், அமெரிக்கத் தொடரை அமெரிக்க நிலையத்தின் நேரத்திலேயே ஒளிபரப்புவது கனடிய நிறுவனத்துக்கு மேலும் இலாபகரமானதாயிற்று. இவ்வாறு ஈட்டப்பட்ட வருவாயில் ஒரு பங்கை உள்நாட்டு நாடகத்துக்குத் திருப்ப வேண்டும் என்னும் கோரிக்கைக்குரிய நியாயமும் இதிலிருந்தே பிறந்தது.

2. நிபந்தனையின் சட்டவலிமை: 1979–1987

நேரத்திலிருந்து வகைக்கு நகர்ந்த முதல் அடி 1979இல் எடுத்துவைக்கப்பட்டது. அவ்வாண்டு சி.டி.வி. வலைப்பின்னலின் உரிமத்தைப் புதுப்பித்த ஆணையம், 1980–81இல் 26 மணி நேரமும் 1981–82இல் 39 மணி நேரமும் புதிய கனடிய நாடகங்களை ஒளிபரப்ப வேண்டும் என நிபந்தனை விதித்தது. நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதை மாற்றி, ஆணையத்தின் நிபந்தனையை நிலைநிறுத்தியது. மணிக்கணக்கில் இவ்விலக்கு பெரிதன்று. ஆயினும், குறிப்பிட்ட நிகழ்ச்சி வகையை ஒரு நிறுவனத்தின் மீது உரிமத்தின் வழியே சுமத்த முடியும் என்பது உறுதியானதால், பின்வந்த எல்லாச் செலவின நிபந்தனைகளுக்கும் இத்தீர்ப்பு அடித்தளமாயிற்று.

1984இல் 'கனடிய நிகழ்ச்சி' என்பதற்குப் புள்ளிமுறை வரையறை வந்தது. இயக்குநருக்கும் எழுத்தாளருக்கும் தலா 2 புள்ளிகள். முதன்மை நடிகர், இரண்டாம் முதன்மை நடிகர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் ஆகியோருக்குத் தலா 1 புள்ளி. ஆக மொத்தம் 10. தயாரிப்பாளர் கனடியராக இருப்பதோடு, குறைந்தது 6 புள்ளிகளும் தேவை. இவ்வரையறை கதைக்களத்தையோ பேசுபொருளையோ கருதாமல் பணியாளரின் குடியுரிமையை மட்டுமே கருதியது. பண்பாட்டு நோக்கில் இது குறைபாடாகத் தோன்றினும், கணக்கிடத்தக்க வரையறை கிடைத்ததால், செலவைக் கணக்கிட்டு நிபந்தனை விதிப்பது எளிதாயிற்று.

அந்நிபந்தனை 1987இல் வந்தது. சி.டி.வி.யின் உரிமத்தைப் புதுப்பித்தபோது, ஐந்தாண்டு உரிமக் காலத்தில் கனடிய நிகழ்ச்சிகளுக்கு 40 கோடியே 30 இலட்சம் டாலர் செலவிட வேண்டும் என ஆணையம் கட்டளையிட்டது. எத்தனை மணி நேரம் என்னும் கேள்வியோடு, எவ்வளவு பணம் என்னும் கேள்வியும் உரிமத்தில் இடம்பெற்றது. 1991ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம், தனியார் நிறுவனங்கள் தம் நிதி வளத்துக்கும் பிற வளங்களுக்கும் ஏற்பக் கனடிய நிகழ்ச்சிகளின் ஆக்கத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்களிப்பைச் செய்ய வேண்டும் என்று கூறி, இவ்வணுகுமுறைக்குச் சட்ட மொழி வழங்கியது. வளத்துக்கேற்ற பங்களிப்பு என்னும் இக்கருத்தே பின்னாளில் வருவாய் விழுக்காட்டு முறைக்கு நியாயமாக அமைந்தது.

3. செலவின நிபந்தனையின் நீக்கம்: 1999

1999 சூன் மாதத்தில் ஆணையம் வெளியிட்ட தொலைக்காட்சிக் கொள்கை, பெரிய நிலையக் குழுமங்களுக்கான செலவின நிபந்தனையைக் கைவிட்டது. அதற்கு மாற்றாக, மாலை 7 முதல் இரவு 11 மணிக்குள் வாரத்துக்கு 8 மணி நேரம் 'முன்னுரிமை நிகழ்ச்சிகளை' ஒளிபரப்பினால் போதும் என்றது. நாடகத்தோடு ஆவணப்படம், பல்சுவை நிகழ்ச்சி, வட்டார நிகழ்ச்சி, கேளிக்கையுலகச் செய்தித்தொகுப்பு ஆகியவையும் முன்னுரிமை வகையில் அடங்கின. நாடகங்களுக்குக் கூடுதல் நேர மதிப்பும் அளிக்கப்பட்டது. அதாவது 10 புள்ளிகளும் பெற்ற நாடகத்தின் ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் கொள்ளப்பட்டது.

நேர ஒதுக்கீட்டின் பழைய குறை மீண்டும் தலைதூக்கியது. கேளிக்கைச் செய்தித்தொகுப்பைத் தயாரிக்கும் செலவு நாடகச் செலவில் சிறு பகுதியே. விதியை மீறாமலேயே நாடகத்தைக் குறைக்க நிறுவனங்களுக்கு வழி கிடைத்தது. எழுத்தாளர், நடிகர், இயக்குநர் சங்கங்கள் ஆங்கிலமொழி நாடகம் நெருக்கடியில் இருப்பதாகத் தொடர்ந்து முறையிட்டன. நாடகம் ஒளிபரப்பும் நிறுவனங்களுக்குக் கூடுதல் விளம்பர நிமிடங்களை அளிக்கும் ஊக்கத்திட்டத்தை ஆணையம் 2004இல் அறிவித்தது. ஆனால் 2007இல், விளம்பர நிமிட வரம்பையே படிப்படியாக நீக்க முடிவெடுத்தது. வரம்பு நீங்கியபின் கூடுதல் நிமிடம் என்னும் ஊக்கத்துக்குப் பொருளில்லை.

அதே 1999ஆம் ஆண்டின் மே மாதத்தில், இணையவழி ஒளிபரப்புக்கு உரிமம் தேவையில்லை என விலக்களிக்க இருப்பதாக ஆணையம் அறிவித்திருந்தது. அன்று அது சிறிய முடிவாகவே தோன்றியது. ஒரே ஆண்டில் மரபுவழி நிறுவனங்களின் செலவுக்கடமை தளர்த்தப்பட்டதும், புதிய ஊடகம் கடமைக்கு வெளியே நிறுத்தப்பட்டதும் பிந்தைய வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

4. குழும அடிப்படையிலான விழுக்காடு: 2010

2010 மார்ச்சில் ஆணையம் செலவின நிபந்தனைக்குத் திரும்பியது. இதற்குள் தனியார் துறை ஒருசில பெருங்குழுமங்களிடம் குவிந்திருந்தது. எனவே, நிலையந்தோறும் தனித்தனி நிபந்தனை என்னும் முறை கைவிடப்பட்டு, குழுமத்தின் மொத்த வருவாயே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. ஆங்கிலமொழிக் குழுமம் ஒவ்வொன்றும் முந்தைய ஆண்டின் மொத்த வருவாயில் 30 விழுக்காட்டைக் கனடிய நிகழ்ச்சிகளுக்கும், குறைந்தது 5 விழுக்காட்டைத் 'தேசிய முக்கியத்துவ நிகழ்ச்சிகளுக்கும்' செலவிட வேண்டும் என்பது கொள்கை. நாடகம், நெடும் ஆவணப்படம், கனடியக் கலைஞர்களைச் சிறப்பிக்கும் குறிப்பிட்ட விருது விழாக்கள் ஆகியன இவ்வகையில் அடங்கும். இச்செலவில் 75 விழுக்காடு தனித்தியங்கும் தயாரிப்பாளர்களைச் சேர வேண்டும். 2011 செப்டம்பர் முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

30 விழுக்காட்டுக்குள் 5 விழுக்காட்டைத் தனியே பிரித்தது 1960களிலிருந்து பெற்ற பாடத்தின் விளைவாகும். அவ்வாறு பிரிக்காவிடில், முழுத்தொகையும் செய்திக்கும் விளையாட்டுக்கும் செல்லும். எனினும் வருவாய் விழுக்காட்டு முறைக்கும் ஒரு குறை உண்டு. வருவாய் 100 கோடியாக இருக்கும்போது 5 கோடியாக உள்ள கடமை, வருவாய் 80 கோடியாகக் குறையும்போது 4 கோடியாகிவிடும். கொள்கை வெளிவந்த ஆறே மாதங்களில், 2010 செப்டம்பரில், நெட்ஃபிளிக்ஸ் கனடாவில் தன் சேவையைத் தொடங்கியது. 1999இன் விலக்கால் அதற்கு உரிமமும் இல்லை; செலவின நிபந்தனையும் இல்லை.

5. 2017ஆம் ஆண்டுப் புதுப்பிப்பும் மறுஆய்வும்

2017 மே 15 அன்று பெல், கோரஸ், ரோஜர்ஸ் ஆகிய ஆங்கிலமொழிக் குழுமங்களின் உரிமங்களை ஆணையம் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்தது. மொத்தச் செலவு 30 விழுக்காடாகவே நீடித்தது. தேசிய முக்கியத்துவ நிகழ்ச்சிகளுக்கான அளவு எல்லாக் குழுமங்களுக்கும் சீராக 5 விழுக்காடு என வரையறுக்கப்பட்டது. குழுமங்களுக்கிடையே சமநிலையும் நெகிழ்வும் வேண்டும் என்பது ஆணையத்தின் வாதம்.

அவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விளம்பர வருவாய் இணையத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கடமையற்ற போட்டியாளர்களோடு கடமையுள்ளவர்கள் மோத வேண்டியிருந்தது. ஆனால் சமநிலை மிகக் குறைந்த அளவில் நிறுவப்பட்டதே சிக்கலாயிற்று. பெல்லும் கோரஸும் அதுவரை 5 விழுக்காட்டைவிடக் கூடுதலாகச் செலவிட்டு வந்தவை. 2010இல் அடித்தளமாக வகுக்கப்பட்ட 5 விழுக்காடு, 2017இல் எல்லோருக்குமான பொது அளவாக மாறியது. தயாரிப்பாளர் சங்கமும் எழுத்தாளர், நடிகர், இயக்குநர் அமைப்புகளும் இதனை எதிர்த்து அமைச்சரவையிடம் முறையிட்டன. பிரெஞ்சுமொழி உரிமங்களில், புதிதாக ஆக்கப்படும் பிரெஞ்சு நிகழ்ச்சிகளுக்குப் போதிய காப்பில்லை என்னும் முறையீடும் கியூபெக்கிலிருந்து எழுந்தது.

ஒளிபரப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உரிம முடிவு வெளியான 90 நாள்களுக்குள் அதை நீக்கவோ மறுஆய்வுக்குத் திருப்பியனுப்பவோ அமைச்சரவைக்கு அப்போது அதிகாரம் தந்தது. கனடிய மரபுரிமைத் துறை அமைச்சராக மெலனி ஜோலி இருந்த அக்காலத்தில், 2017 ஆகஸ்ட்டில் அமைச்சரவை இம்முடிவுகளை ஆணையத்துக்குத் திருப்பியனுப்பியது. ஓராண்டுக்குப் பின், 2018 ஆகஸ்ட் 30 அன்று, ஆணையம் திருத்திய அளவுகளை அறிவித்தது: கோரஸுக்கு 8.5 விழுக்காடு, பெல்லுக்கு 7.5 விழுக்காடு, ரோஜர்ஸுக்கு 5 விழுக்காடு. பொது அளவு கைவிடப்பட்டு, ஒவ்வொரு குழுமத்தின் கடந்தகாலச் செலவு கணக்கில் கொள்ளப்பட்டது. 8.5 விழுக்காட்டுக்கும் 5 விழுக்காட்டுக்கும் இடையிலான வேறுபாடு, நடைமுறையில் எழுதப்படும் தொடர்களின் எண்ணிக்கையையும் அவற்றில் பணியாற்றுவோரின் வாழ்வாதாரத்தையும் சார்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, நேரத்தை அளவுகோலாக்கியபோது மலிவான வகைகள் பெருகின. வகையைப் பிரித்துச் செலவை அளவுகோலாக்கியபோதே நாடகம் காப்புப் பெற்றது. இரண்டாவது, குறைந்த அளவு என வகுக்கப்படுவது, அடுத்த புதுப்பிப்பில் போதுமான அளவாகக் கொள்ளப்படும் இயல்புடையது. கடந்தகாலச் செலவை ஒப்புநோக்கும் விசாரணையே அதற்குத் தடையாகிறது. மூன்றாவது, உரிமத்தின் வழியே சுமத்தப்படும் கடமை, உரிமம் பொருளாதார மதிப்புடையதாக இருக்கும்வரை மட்டுமே வலிமை பெறும்.

மூன்றாம் முடிவின் விளைவே 2023 ஏப்ரலில் நிறைவேறிய இணையவழி ஒளிபரப்புச் சட்டமாகும். அது இணையச் சேவைகளுக்கு உரிமம் வழங்காமலேயே அவற்றின் மீது நிபந்தனை விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் தந்தது. கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி டாலருக்குக் குறையாத வருவாய் ஈட்டுவனவும், கனடிய ஒளிபரப்பாளர்களைச் சாராதனவுமான சேவைகள் அவ்வருவாயில் 5 விழுக்காட்டைப் பங்களிக்க வேண்டும் என 2024 சூனில் ஆணையம் அறிவித்தது. அம்முடிவும் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. உரிமம் இல்லாத இடத்தில் புதுப்பிப்பும் இல்லை. அதனால் கடந்தகாலக் கணக்கைக் கேட்கும் பொது விசாரணைக்குரிய காலக்கெடுவும் தானாக அமைவதில்லை. 1979லும் 2018லும் கடமையை உயர்த்த வழிவகுத்தது அவ்விசாரணையே. புதிய சட்டத்தின் கீழ் அதற்கு நிகரான மீளாய்வு முறை எவ்வாறு அமைகிறது என்பது ஒளிபரப்புக் கொள்கை வரலாற்றின் அடுத்த கட்ட ஆய்வுக்குரிய பொருளாகும்.