உருக்கியொட்டற் குறியீடும் உழைப்புப் பிரிவினையும்: ஒரு வரலாற்று நோக்கு

பட்டறை வழக்கில் வெல்டிங் எனப்படும் உருக்கியொட்டலுக்குரிய வரைபடக் குறியீடு, வெறும் தொழினுட்பச் சுருக்கெழுத்தாகவே பாடநூல்களிற் கற்பிக்கப்படுகின்றது. ஓர் அம்பு, அதனோடிணைந்த கிடைக்கோடு, கோட்டின் மேலோ கீழோ ஒரு சிறு முக்கோணம், அருகே ஓர் எண்: மாணவர் இவற்றை மனனஞ்செய்து பரீட்சையிற் சித்தியெய்துகின்றனர். இக்குறியீடு யாருக்கிடையே, எத்தேவை கருதித் தோன்றியது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. வரைபவருக்கும் செய்பவருக்கும் இடையில் நிகழ்ந்த பிரிவினையின் ஆவணமாக அதனை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

தகடுகள் தறையாணியாற் பொருத்தப்பட்ட காலத்தில் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. ஆணியின் விட்டமும் இடைத்தூரமும் வரைபடத்திற் காட்டப்படக்கூடியவை. வேலை முடிந்தபின் எண்ணிப் பார்க்கவுங் கூடியவை. ஒட்டு அத்தகையதன்று. அதன் ஆழம் உலோகத்தினுள் மறைந்துவிடுகின்றது. 1919இல் அமெரிக்க உருக்கியொட்டற் சங்கம் நிறுவப்பட்டது. 1920இல் பிரித்தானியாவின் பேர்க்கன்ஹெட்டில், முற்றாக உருக்கியொட்டப்பட்ட ‘புல்லகர்’ என்னும் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. புதிய முறை கப்பற்றுறைக்குள் நுழைந்துவிட்டது. அதனைத் தாளில் எழுதும் மொழியோ இன்னும் உருவாகவில்லை.

அந்நிலையில் வரைபடங்களில் ‘முழுவதும் ஒட்டுக’ என்பது போன்ற குறிப்புகளே எழுதப்பட்டன. இத்தகைய குறிப்பு, இணைப்பை வடிவமைக்கும் பொறுப்பையே வரைவோரிடமிருந்து தொழிலாளியின் தலைக்கு மாற்றிவிடுகின்றது என்றும், அவ்விணைப்பு எவ்வளவு வலிமையைத் தாங்கவேண்டுமென்பதை அவர் அறிந்திருக்க இயலாதென்றும் அமெரிக்கத் தரநூல் பின்னர் வாதிட்டது. இவ்வாதம் நுணுகி நோக்கற்பாலது. சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்து நிர்வாகத்திடம் ஒப்படைப்பதே முதலாளித்துவ உற்பத்தியின் போக்கென 1974இல் ஹரி பிறேவமன் விளக்கினார். குறியீடு அப்போக்கின் கருவி என்பதில் ஐயமில்லை. எனினும் அது அவ்வளவில் முடிந்துவிடவில்லை. ஒட்டு முறிந்தால் தொழிலாளியையே குற்றஞ்சாட்டும் வழக்கத்திற்கு எதிராக, அளவைத் தீர்மானித்தவர் யாரென்பதற்குத் தாளிலேயே சாட்சி வைத்ததும் அதே குறியீடுதான்.

இரண்டாம் உலக யுத்தம் இத்தேவையைப் பன்மடங்காக்கியது. 1941 முதல் 1945 வரை ஐக்கிய அமெரிக்கா 2,710 லிபேட்டிக் கப்பல்களைக் கட்டியது. அவற்றுள் ‘றொபேட் ஈ. பியறி’ 1942 நவம்பரில் ஐந்து நாள்களுக்குட் கட்டி நீரில் இறக்கப்பட்டது. அது பிரசாரத்திற்கென நிகழ்த்தப்பட்ட சாதனையே. முன்னர் கப்பற்றுறையையே கண்டிராத பெண்களும் இளைஞரும் குறுகிய பயிற்சியோடு ஒட்டுவேலையில் இறங்கினர். வாய்மொழியாகத் தொழில் கற்பிக்க அங்கே அவகாசமிருக்கவில்லை.

1943 சனவரி 16இல் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்டில், அமைதியான நீரிற் கட்டப்பட்டிருந்த ‘ஷெனெக்ரடி’ என்னும் எண்ணெய்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது. இத்தகைய முறிவுகளுக்கு ஒட்டுவேலையின் குறையே காரணமெனத் தொடக்கத்திற் கருதப்பட்டது. அக்குறை சிறிதும் இல்லையெனக் கூறவியலாது. ஆயினும் குளிரில் அவ்வுருக்கு நொறுங்குந்தன்மை அடைகின்றதென்பதைக் கேம்பிறிட்ஜில் ஆய்வு நடத்திய கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் நிறுவினார். தறையாணிக் கப்பலில் வெடிப்பு பெரும்பாலும் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். ஒட்டப்பட்ட கப்பலில் அது தடையின்றி ஓடும். குறியீடு ஒட்டின் வடிவத்தையும் அளவையும் சொல்லவல்லது; தகட்டின் குணத்தை அது சொல்லாது.

குறியீட்டு மொழியும் ஒன்றாக வளரவில்லை. அமெரிக்க முறையிற் கிடைக்கோடு ஒன்றே. முக்கோணம் கோட்டின் கீழிருந்தால் அம்பு தொடும் பக்கத்தில் ஒட்டவேண்டும்; மேலிருந்தால் மறுபக்கத்தில். ஐரோப்பிய முறையில் முழுக்கோட்டோடு இணையாக ஒரு முறிகோடும் வரையப்படும். முழுக்கோட்டிலுள்ள குறி அம்புப்பக்கத்தையும், முறிகோட்டிலுள்ளது மறுபக்கத்தையும் சுட்டும். அளவிலுள்ள வேறுபாடு இன்னும் கடுமையானது. பிலெற் எனப்படும் மூலையொட்டை அமெரிக்கர் கால்நீளத்தால் அளப்பர்; யேர்மனியர் தொண்டைத் தடிப்பால் அளப்பர். சமகால்களையுடைய ஒட்டில் தொண்டை, காலின் ஏறத்தாழ 0.7 பங்காகும். ஆகவே வெறுமனே 5 மில்லிமீற்றர் என எழுதியதைக் காலெனக் கொண்டால் தொண்டை 3.5, தொண்டையெனக் கொண்டால் கால் 7. பின்னையதற்குச் செலவாகும் உலோகம் முன்னையதன் ஏறத்தாழ இருமடங்கு. தொண்டையை எண்ணியவரின் தாளைக் காலென வாசித்துச் செய்தால், வலிமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு காணாமற்போகும். விட்டுவிட்டு ஒட்டும்போது எழுதப்படும் இடைவெளியும் இவ்வாறே: ஒரு மரபில் அது ஒட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கான தூரம், மற்றதில் இரு ஒட்டுகளுக்கிடையே வெறுமையாக விடப்படும் தூரம்.

சர்வதேசத் தர அமைப்பு இவற்றை ஒன்றாக்க முயன்று, 2013ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. 2553 பதிப்பில் இரண்டையும் ‘ஏ’, ‘பி’ எனப் பெயரிட்டு அருகருகே வைத்தது. ஒரே வரைபடத்தில் இரண்டையும் கலத்தலாகாது. எம்முறை கையாளப்பட்டதென்பது தாளிற் குறிக்கப்படவேண்டும். அக்குறிப்பு விடுபட்ட தாள் பட்டறைக்கு வருமாயின், முக்கோணத்தையும் 5 என்ற எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டுநர் வரைபட அறையின் கதவைத் தட்டவேண்டியிருக்கும்.