கடல் கடந்து பெற்ற அங்கி

ஓய்வுபெற்ற தலைமையாசிரியனான என்னிடம் ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளைகள் சிலர், எந்தக் கல்லூரியிற் சட்டம் பயின்றால் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் வேலை கிட்டும் என வினவுவதுண்டு. வினா பழையதே. இதன் வரலாறு 1862-ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிய காலத்தையே தொடுகிறது.

அம்மன்றத்திற்கு அடிப்படையான 1861-ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதிகளுள் மூன்றிலொரு பங்கினரேனும் பாரிஸ்டர்களாக இருத்தல் வேண்டுமென்றது. தலைமை நீதிபதியும் பாரிஸ்டராகவே இருத்தல் வேண்டும். பாரிஸ்டர் என்பார் யார்? இலண்டனிலுள்ள நான்கு சட்டச் சங்கங்களுள் ஒன்றிற் சேர்ந்து, தேர்வில் தேறி, பருவந்தோறும் அங்கே குறித்த எண்ணிக்கையில் விருந்துண்டவர். ஆம், உண்பதும் ஒரு தகுதியாக இருந்தது! 1891-இல் பாரிஸ்டரான காந்தியடிகள், தேர்வுகள் எளியவை என்றே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அருமை தேர்வில் இல்லை. கப்பற் கட்டணத்திலும், இலண்டன் வாசத்தின் செலவிலும், கடல் கடந்தோரைச் சாதியார் விலக்கிவைத்த வழக்கத்திலும் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை எவ்வளவு கூர்மதியுடையவனாயினும் அவற்றைத் தாண்டுவது எங்ஙனம்?

உள்நாட்டிற் பி.எல். பட்டம் பெற்றவர் வக்கீல் எனப்பட்டார். கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் வக்கீல்கள் வாதிட நெடுங்காலம் இடமில்லை. சென்னையோ தொடக்கக் காலத்திலேயே அவர்களுக்கு வழிவிட்டது. இதை நம் மாநிலத்தின் பெருமைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். வக்கீலான வெ. பாஷ்யம் ஐயங்கார் 1897-இல் தற்காலிக அட்வகேட் ஜெனரலாகவும் அமர்ந்தார். ஆயினும் தலைமை நீதிபதிப் பதவி, 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் பழைய விதியை மாற்றும் வரை, வக்கீல்களுக்கு எட்டாக்கனியே. சென்னைச் சட்டக் கல்லூரியிற் பயின்ற பி. வி. ராஜமன்னார் 1948-இல் அதனைப் பெற்றார். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் எல்லாரையும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தது.

பெயர் ஒன்றாயிற்று, கல்லூரிகள் ஒன்றாகவில்லை. 1987-இற் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியச் சட்டப் பள்ளியைப் பின்பற்றிப் பல பல்கலைக்கழகங்கள் எழுந்தன. மும்பை, தில்லி நிறுவனங்கள் அவற்றுள் முன்னணியில் நிற்பவற்றிற்கு நேரிற் சென்று, படிப்பு முடியுமுன்னரே மாணவரைத் தேர்ந்துகொள்கின்றன. நம் அரசுச் சட்டக் கல்லூரிகளிற் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே ஐந்தாண்டுப் படிப்பிற் சேரலாம்; ஆனால் அந்நிறுவனத்தார் அங்கே வருவது அரிது.

திருச்சிராப்பள்ளியிலும் ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உண்டு. அதற்கான சட்டம் 2012-ஆம் ஆண்டினது. நம்மூரிலிருந்து காலையிற் பேருந்தேறினால் நண்பகலுக்குள் சேர்ந்துவிடலாம். அதன் நுழைவுத்தேர்வோ ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. விருந்துண்ணும் விதி இப்போது இல்லை. பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டும் வழக்கம் வந்திருக்கிறது.