நோய் தணிந்த வேளை: 1665 இன் இலண்டனும் அதன் மாந்தரும்

கொள்ளைநோய்கள் பற்றிய வரலாற்று நூல்கள் அவற்றின் தொடக்கத்தையும் உச்சத்தையும் விரிவாகக் கூறுகின்றன. நோய் தணியும் காலம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. மனிதர் தம் இயல்பை வெளிக்காட்டுவது அக்காலத்திலேயே என்பது எமது கருத்து. மேலும், ஒரு கொள்ளைநோய் எந்த நாளில் முடிந்தது என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று. அண்மைய கொரோனாத் தொற்றுக்கான சட்டக் கட்டுப்பாடுகள் இங்கிலாந்தில் 2022 பெப்ரவரி 24 இல் நீங்கின. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததென 2023 மே 5 இல் அறிவித்தது. எம்மவர் வீடுகளிலோ அது முடிந்த நாள் வீட்டுக்கு வீடு வேறுபட்டது. நாம் வாழும் இதே இலண்டன் மாநகரம் முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய ஒரு காலத்தை எவ்வாறு கடந்தது என்பதை இங்கு நோக்குவோம்.

1665 இன் வசந்தகாலத்தில் நகர மதிலுக்கு வெளியே, வறியோர் நெருங்கி வாழ்ந்த சென்ற் ஜைல்ஸ் கோயிற்பற்றில் பிளேக் நோய் தலைகாட்டியது. கோடையில் நகரெங்கும் பரவியது. அவ்வாண்டின் மரணப் பட்டியல்கள் பிளேக்கினால் இறந்தோர் தொகையை 68,596 எனக் காட்டுகின்றன. அது குறைவான கணக்கு என்றும், உண்மைத் தொகை ஓர் இலட்சத்தை எட்டியிருக்கும் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுவர். நகரின் குடித்தொகை அப்போது ஐந்து இலட்சத்துக்கும் குறைவு. நோய் கண்ட வீட்டின் கதவிலே செஞ்சிலுவை வரைந்து, நோயாளரையும் நலமாயிருந்தோரையும் ஒருசேர 40 நாட்கள் உள்ளே வைத்துப் பூட்டி, வாயிலிற் காவலாளரை நிறுத்தினர். நோயின் காரணம் ஒருவருக்கும் தெரியாது. பிளேக் கிருமி கண்டறியப்பட்டது 1894 இலேயே. ஆதலால் நாய்களையும் பூனைகளையும் கொன்று குவித்தார்கள், எலிகள் பிழைத்தன.

வாரந்தோறும் வியாழக்கிழமைகளில் மரணப் பட்டியல் அச்சாகி வெளிவரும். எந்தக் கோயிற்பற்றில் எத்தனை பேர், எந்நோயால் இறந்தனர் என்பதை அதிற் காணலாம். நகரம் முழுவதும் அந்தத் தாளுக்காகக் காத்திருந்தது. (2020 இல் நாமும் மாலைதோறும் தொலைக்காட்சியின் முன் எண்களுக்காகக் காத்திருந்தோம். மருத்துவப் பணியாளருக்காக வாயில்களில் நின்று கைதட்டியதும் பத்து வியாழக்கிழமைகளில்தான்.) செப்ரெம்பர் நடுவில் ஒரே வாரத்தில் 7,165 பேர் பிளேக்கினால் மடிந்தனர். ஒக்ரோபர் நடுவில் அத்தொகை 2,665 ஆகியது. மாத இறுதியில் 1,031 ஆகக் குறைந்தது. மக்கள் பெருமூச்சு விட்டனர். அடுத்த வாரமே அது 1,414 ஆக மீண்டும் ஏறியது!

இந்த ஏற்றத்துக்கு மக்களின் அவசரமே காரணம் என்று பழைய எழுத்தாளர் பலர் குற்றஞ்சாட்டினர். இவர்களுள் முதன்மையானவர் டானியல் டீபோ. பிளேக் ஆண்டு பற்றிய அவரது நூல் 1722 இல் வெளிவந்தது. நோய்க்காலத்தில் அவர் ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவர். ஆகவே அந்நூலை நேர்ச்சாட்சியாகக் கொள்ளல் தகாது. ஆயினும் நோயின் நடுவே நகரில் நின்று பணியாற்றிய மருத்துவர் நதானியேல் ஹொட்ஜஸ் இதையொத்த செய்தியைக் கூறுகிறார். திரும்பி வந்தோர், முன்னர் நோயாளர் இறந்த படுக்கைகளிலேயே அச்சமின்றிப் படுத்துறங்கினராம். நெடுநாள் அஞ்சியவனுக்கு அச்சமே சலித்துவிடும் போலும். எனினும் முழுப் பழியையும் மக்கள்மீது சுமத்துதல் நீதியாகாது. கடையைத் திறவாதவனுக்கு உணவில்லை. கூலிக்குச் செல்லாதவனுக்கு அன்றாடக் கஞ்சியும் இல்லை. அவர்களை வெளியே அழைத்தது பசி.

அக்கால மனநிலையை நாம் இன்று அறிவது பெரும்பாலும் ஒரு மனிதரின் நாட்குறிப்பால். கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்த சாமுவேல் பீப்ஸ் என்பாரே அவர். சுருக்கெழுத்தில் எழுதப்பட்ட அக்குறிப்பு 1825 இலேயே முதன்முதலாக அச்சேறியது. தம்மை நல்லவராகக் காட்டும் முயற்சி அதில் மிகக் குறைவு. எனவேதான் நாம் அதை நம்புகிறோம். 1665 நவம்பர் 24 இல் அவர் தமக்கு வழக்கமான சிப்பிக் கடைக்குச் செல்கிறார். கடைக்காரப் பெண் உயிருடன் இருக்கக் கண்டு மகிழ்கிறார். முன்னர் அறிந்த எவரைப் பற்றியும் இலண்டனில் இப்போது முதலில் வினவுவது, ஆள் இருக்கிறாரா என்பதையே எனவும் குறித்துவைக்கிறார்.

இக்குறிப்பை எம்மவர் விளக்கமின்றியே விளங்கிக்கொள்வர். 1995 இன் வலிகாம இடப்பெயர்வின் பின்னரும், 2009 இன் பின்னரும், கடல்கடந்த தொலைபேசிகளில் நாம் முதலிற் கேட்ட கேள்வி அதுவே. சுகமா என்று கேட்பதற்கு முன்னர், இருக்கிறார்களா என்று கேட்டோம்.

1666 ஜனவரி 5 அன்று பீப்ஸ் ஒரு பிரபுவின் நான்கு குதிரை வண்டியில் நகருக்குள் வருகிறார். பிரபு ஒருவரின் வண்டியைக் கண்டு மக்கள் வியந்து நோக்குகின்றனர், சுமைகூலிகள் எங்கும் வணங்குகின்றனர், இரப்போர் சூழ்ந்துகொள்கின்றனர். நகரத்தில் மீண்டும் சனம் நிறைந்திருப்பது அவருக்குப் பேரின்பம் அளிக்கிறது. ஆயினும் ஒரே வரிசையில் ஏழெட்டுக் கடைகள் பூட்டியபடி கிடந்தன. வணிகரும் தொழிலாளரும் வாழ்ந்த பகுதி நிறைந்துவிட்டது; செல்வர் வாழ்ந்த கொவன்ற் கார்டனும் வெஸ்ற்மின்ஸ்ரரும் வெறுமையாகவே இருந்தன. மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் அரண்மனைக்கு மீண்டது பெப்ரவரி 1 இலேயே. முதலில் ஓடியவர்கள் இறுதியில் திரும்பினார்கள்.

இவ்வாறு ஓடித் திரும்பியவருள் பீப்ஸின் கோயிற்பற்றுக் குருவானவரும் ஒருவர். ஜனவரி இறுதியில் அத்தேவாலயத்துக்குச் சென்ற பீப்ஸ், முற்றத்துப் புதைகுழிகள் உயர்ந்து கிடந்ததைக் கண்டு திடுக்குற்றார். பெப்ரவரி 4 இல் குருவானவர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். எவருக்கும் முன்னர் கோயிற்பற்றை விட்டகன்று, எல்லோரும் வந்தபின் திரும்பியதற்குத் தக்க சமாதானம் கூறுவார் என்று சபை எதிர்பார்த்தது. அவரோ நலிந்த சாட்டு ஒன்றைச் சுருக்கமாகக் கூறி முடித்துக்கொண்டாராம்.

இதன் மறுபக்கமும் உண்டு. குருமார் பலர் அகன்றதால் வெறுமையான பிரசங்க பீடங்களில், அரசு திருச்சபையினின்றும் 1662 இல் வெளியேற்றப்பட்ட போதகர் சிலர் துணிந்து ஏறினர். தோமஸ் வின்சென்ற் அவர்களுள் ஒருவர். இறப்போர் நடுவே நின்று போதித்த இவர்களுக்குக் கிடைத்த பரிசு யாது? பிளேக்கிற்கு அஞ்சி ஒக்ஸ்போர்ட்டிற் கூடிய நாடாளுமன்றம், அதே ஒக்ரோபரில் ஐந்து மைற் சட்டத்தை நிறைவேற்றியது. அரசு வேண்டிய சத்தியத்தைச் செய்யாத போதகர், தாம் முன்னர் பணியாற்றிய ஊருக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வருதல் குற்றமாயிற்று. நகரை விட்டு ஓடியவர்கள், நகரில் நின்றவர்களைத் தண்டிக்கச் சட்டம் இயற்றினார்கள் என்று கூறினால் அது மிகையாகாது.

மருத்துவத் துறையிலும் இதுபோன்ற ஒன்று நிகழ்ந்தது. பெரும் மருத்துவர் பலர் தம் செல்வந்த நோயாளருடன் நாட்டுப்புறம் சென்றுவிட்டனர். நோயாளருக்குத் துணைநின்றோரிற் பெரும்பாலோர் மருந்து கலந்து கொடுக்கும் 'அப்போதிக்கரி'மாரே. எமது ஊர் ஆசுபத்திரிகளிலே 'அப்போதிக்கரி ஐயா' என்று முதியோர் மரியாதையுடன் அழைத்த பெயரின் மூலம் இதுவே. வெஸ்ற்மின்ஸ்ரரில் ஒரு மருத்துவர்கூட எஞ்சவில்லை என்றும், ஒரேயொரு அப்போதிக்கரியே உள்ளார் என்றும் தாம் கேள்வியுற்றதை ஒக்ரோபரில் பீப்ஸ் குறிக்கிறார். நோய் தணிந்ததும் மருத்துவர்கள் மீண்டு, நோயாளரைப் பார்க்கும் உரிமை தமக்கே உரியது என்று பழைய வழக்கைத் தொடர்ந்தனர். ஆனால் யார் தம் வாயிலுக்கு வந்தார் என்பதைச் சாதாரண மக்கள் மறக்கவில்லை. வழக்கு நீண்டு, 1704 இல் பிரபுக்கள் சபை அப்போதிக்கரிகள் நோயாளரைப் பார்த்து மருந்து கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இன்று நாம் செல்லும் குடும்ப வைத்தியரின் முன்னோர் இவர்களே. நகரிலேயே நின்ற ஹொட்ஜஸ் பிற்காலத்தில் கடனாளியாகி, 1688 இல் லட்கேற் சிறையில் இறந்தார்.

நோய்க்காலம் எல்லோருக்கும் துன்பகாலமாயிருந்தது என்று எண்ணுதல் தவறு. அவ்வாண்டின் இறுதி நாளிலே பீப்ஸ் தம் கணக்கைப் பார்க்கிறார். 1,300 பவுணாக இருந்த தம் செல்வம் 4,400 பவுணாகப் பெருகியதைக் காண்கிறார். இக்காலத்தைப்போல என்றும் மகிழ்ந்ததில்லை என்றும் எழுதுகிறார். ஒல்லாந்தருடனான கடற்போர் நடந்த காலமாதலால் கடற்படை அலுவலர் கைக்குப் பணம் வந்தது. அவரை இதற்காக நாம் வெறுக்க வேண்டியதில்லை. இதை மறைக்காமல் எழுதினாரே! எத்தனையோ பேர் எழுதாமல் விட்டார்கள்.

உடைநாகரிகமும் மாறும் என்று எதிர்பார்த்தனர். பிளேக்கில் இறந்தோரின் தலைமயிரில் முடைந்திருக்கலாம் என்ற அச்சத்தால், பொய்முடி அணியும் வழக்கு இனி என்னாகுமோ என்று பீப்ஸ் வினவினார். ஒன்றும் ஆகவில்லை. பொய்முடி முன்னையிலும் பெரிதாகி, அடுத்த நூற்றாண்டிலும் நிலைத்தது.

மாண்டோரின் இடத்தை யார் நிரப்பினர்? மரணப் பட்டியல்களை ஆராய்ந்து 1662 இல் நூல் எழுதிய ஜோன் கிறோண்ட் என்ற வணிகர், எத்துணைப் பெரிய கொள்ளைநோயின் பின்னரும் இலண்டன் இரண்டு ஆண்டுகளுள் தன் குடித்தொகையை மீட்டுக்கொள்கிறது என்று முன்னரே கண்டிருந்தார். பிறப்புகளால் அது நிகழவில்லை. சாதாரண காலத்திலேயே அந்நகரில் பிறப்பிலும் இறப்பே மிகுதி. நாட்டுப்புறங்களிலிருந்து வந்த இளைஞரும் பணிப்பெண்களும் தொழில் பழகுவோருமே நகரை நிரப்பினர். 1666 இலும் அவர்கள் வந்தனர். வெறுமையான பட்டறைகளும் ஆளற்ற அடுக்களைகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன. நேற்று இறந்தவனின் தொழிலை இன்று வந்தவன் ஏற்றான். அவனுக்கு அந்நகரின் துயரம் தெரியாது. நகரத்துக்கோ அவன் ஊரின் பெயர் தெரியாது. நகரங்கள் எப்போதும் வந்தேறிகளால் உயிர்த்தெழுவதை வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது. இதைப் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

இலண்டன் இவ்வாறு மகிழ்ந்திருந்த 1666 இலேயே நோய் வெளியூர்களை வாட்டியது. தேம்ஸ் நதிக்கரையின் டெப்ற்போர்ட்டில் அவ்வாண்டே கொடுமை மிகுந்தது. கொல்செஸ்ரரில் இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். டார்பிஷயரின் ஈயம் என்ற சிற்றூரில், நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்க ஊரார் தாமே எல்லையை அடைத்துக்கொண்டனர். அவர்களை வழிநடத்தியோர் இருவர். ஒருவர் அரசு திருச்சபைக் குருவான வில்லியம் மொம்பெசன். மற்றவர் அவருக்கு முன்னர் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட போதகர் தோமஸ் ஸ்ரான்லி. இருவரும் பகை மறந்து ஒன்றுபட்டனர். எல்லைக்கல்லின் குழிகளில் வினாகிரி ஊற்றி அதனுள் நாணயங்களை இட்டனர். அயலவர் உணவை வைத்துச் சென்றனர். சுமார் 260 பேர் அங்கு இறந்ததாகக் கூறப்படுகிறது. மொம்பெசனின் மனைவியும் அவர்களுள் ஒருவர். கடைசி மரணம் 1666 நவம்பர் முதலாம் நாள் நிகழ்ந்தது.

அதே செப்ரெம்பரில் இலண்டனைப் பெருந்தீ எரித்தது. தீயே பிளேக்கை அழித்தது என்ற கூற்று பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றது. அது பொருந்தாது. 13,200 வீடுகள் எரிந்தது உண்மையே. அவை பெரும்பாலும் மதிலுக்கு உட்பட்ட நகரில் இருந்தவை. பிளேக் மிகுதியாக வாட்டிய புறநகர்களைத் தீ தொடவேயில்லை. மேலும், தீக்கு முன்னரே நோய் தளர்ந்திருந்தது. 1666 முழுவதும் பட்டியலிற் பதிவான பிளேக் மரணங்கள் 1,998 மட்டுமே.

நோய் நீங்கியதற்கான நன்றித் திருநாள் 1666 நவம்பர் 20 என அரசு அறிவித்தது. பீப்ஸும் தேவாலயம் சென்றார். ஆனால் ஊரார் வேறு பேசிக்கொண்டனர். இன்னும் சிலர் இறந்துகொண்டிருக்க இத்திருநாளை அவசரப்படுத்தியது எதற்காக? நோய் முற்றாக நீங்கும்வரை நாடகம் ஆட ஆயர்கள் இசையமாட்டார்கள். ஆதலால் அரங்குகளைத் திறப்பதற்கே இந்த நன்றி கூறல் என்றனர். 1665 யூன் முதல் மூடிக்கிடந்த அரங்குகள் அதன்பின் திறந்தன. டிசம்பர் 7 இல், பெருநோய்க்குப் பின் பொது அரங்கில் தாம் காணும் முதல் நாடகத்துக்குப் பீப்ஸ் விரைந்தார். இரண்டு அங்கங்கள் முடிவடையும் தறுவாயில் உள்ளே நுழைந்து, எஞ்சிய நாடகம் முழுவதையும் மேலங்கியால் முகத்தை மறைத்தபடியே அமர்ந்து பார்த்தார்.