மகாவலிக் கரையின் மூங்கில் தூறுகள்

கண்டி நகரிலிருந்து கொழும்புச் சாலையில் மூன்றரை மைல் சென்றதும், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து ஓட, அவ்வளைவினுள் 147 ஏக்கர் விஸ்தீரணத்தில் அமைந்திருக்கும் பேராதனைத் தாவரவியற் பூங்காவினுள் நுழைகிற எவரும், மலர்ப் பாத்திகளையும் பனை வரிசைகளையும் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசியில் ஆற்றங்கரையில் நிற்கும் ராட்சத மூங்கில் தூறுகளின் முன்னே வந்து அண்ணாந்து நிற்பது வழக்கம். நூறு அடிக்குக் குறையாத உயரமும், இரு கைகளாலும் வளைத்துப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொடாத பருமனும் கொண்டு, ஒன்றோடொன்று உரசி ஆழ்ந்த குரலில் முனகிக்கொண்டு நிற்கும் அக்கழைகளைக் காண்பவர், ஆதிகாலந்தொட்டே இவை இம்மண்ணுக்கு உரியவை என்று எண்ணிக்கொள்வர். உண்மை அதுவன்று. சிங்களத்தில் ‘யோத உண’ என்று பெயர் பெற்றுவிட்ட இம்மூங்கில் பர்மா முதலிய கீழ்த்திசை நாடுகளைத் தாயகமாகக் கொண்டது. 1856ஆம் ஆண்டில்தான் பேராதனைக்கு வந்து சேர்ந்தது.

மரம் என்று நம் நா தவறிச் சொன்னாலும் மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. இதனை அறிய நமக்கு மேனாட்டுச் சாஸ்திரம் வந்து உதவவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. வெளிப்புறத்தே வயிரம் பாய்ந்தவற்றைப் புல்லென்றும், உள்ளே வயிரம் பாய்ந்தவற்றை மரமென்றும் தொல்காப்பியனார் மரபியலில் வகுத்து வைத்திருக்கிறார். வேய், கழை, அமை, பணை என்று இதற்குப் பெயர் பல இட்டு வழங்கிய நம் முன்னோர், மூங்கிற் காட்டில் சிவலிங்கம் வெளிப்பட்ட தலமென்று திருநெல்வேலியை வேணுவனம் எனப் போற்றி, நெல்லையப்பர் ஆலயத்தில் மூங்கிலையே தலவிருட்சமாகக் கொண்டனர். பௌத்தர்களுக்கும் ஒரு வேளுவனம் உண்டு: ராஜகிருக நகருக்கு அருகே பிம்பிசார மன்னன் புத்தபிரானுக்குத் தானமாக அளித்த மூங்கிற் சோலை அது. தலதா மாளிகையின் முரசொலியும் பிள்ளையார் கோயில் மணியோசையும் ஒரே காலைப் பொழுதில் காதில் விழும் கண்டி நகரத்தில் வாழ்கிற எனக்கு, இவ்விரு சமயத்தாரும் மூங்கில் வனத்தைப் புண்ணிய பூமியாகக் கொண்டிருப்பது நினைக்குந்தோறும் நெஞ்சுக்கு இதமளிப்பதாகும்.

பூங்கா நிற்கும் இடமோ பழைய ராஜ சம்பந்தமுடையது. பதினான்காம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் பேராதனையில் கொலுவீற்றிருந்தான் என்பர். பிற்காலத்தில், 1747 முதல் 1782 வரை ஆட்சி புரிந்த நாயக்க வம்சத்து அரசனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் அது அரச நந்தவனமாக விளங்கிற்று. அவனுக்குப்பின் பட்டமேறிய ராஜாதி ராஜசிங்கனும் அங்கே தங்கியிருந்தான். 1815இல் கண்டி ராஜ்யம் ஆங்கிலேயர் வசமாகி, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, அரசரின் சோலை ஆறு வருஷ காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. கொழும்பிலே கொம்பனித்தெருவில் 1810இல் ஏற்படுத்தி, பின்னர் 1813இல் களுத்துறைக்கு மாற்றிய தாவரத் தோட்டத்தை, அலெக்சாந்தர் மூன் என்பவர் 1821இல் பேராதனைக்குக் கொண்டுவந்தார். கொம்பனித்தெருவில் ‘கியூ வீதி’ என்று இன்றும் வழங்கும் பெயர் அந்தப் பழைய தோட்டத்தின் அடையாளம். மூன் முதலில் நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்திக் கறுவாவும் கோப்பியும் நட்டார். 1824இல் இத்தீவின் தாவரங்கள் 1,127ஐ அவற்றின் சாஸ்திரப் பெயரோடு சுதேசப் பெயரும் சேர்த்துப் பட்டியலிட்டு நூலாக வெளியிட்டார். மறு வருஷமே காலமானார். கிராமத்து ஜனங்கள் ஒரு செடியை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைத்த அந்த மனிதரிடத்தில் எனக்குத் தனியான மதிப்புண்டு.

மூனுக்குப் பின் இருபது வருஷகாலம் தோட்டம் தளர்ந்து கிடந்ததையும், 1844இல் வந்த ஜார்ஜ் கார்ட்னர் அதனை மறுபடி சீர்செய்ததையும் விரிக்காமல், 1849இல் பொறுப்பேற்ற துவெய்ட்ஸிடம் வருவோம். முப்பது வருஷங்களுக்கு மேல் இத்தீவை விட்டு ஒரு முறையேனும் வெளியேறாது, 1880இல் ஓய்வு பெற்ற பின்னும் தாய்நாடு திரும்பாது, 1882இல் கண்டியிலேயே உயிர் நீத்தவர் அவர். ராட்சத மூங்கில் பேராதனை மண்ணில் வேரூன்றியது அவருடைய காலத்தில்தான். அன்று அதற்கு நிலையான சாஸ்திரப் பெயர்கூட இல்லை. ஜெனரல் மன்றோ என்னும் படைத்தலைவர் உலகத்து மூங்கில்களையெல்லாம் ஆராய்ந்து 1868இல் வெளியிட்ட பெருநூலில்தான் டென்ட்ரோகலாமஸ் ஜைஜான்டியஸ் என்னும் பெயர் அதற்கு முறைப்படி கிடைத்தது. 1881ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெக்கல், பேராதனையைப் பற்றி எழுதுகையில் இம்மூங்கில்களைக் கண்டு வியந்து பாராட்டியிருக்கிறார். இருபத்தைந்தே வருஷங்களில் ஒரு புல் அடைந்த வளர்த்தி அது.

இவ்வளர்த்தியின் இரகசியத்தை அறிய முற்பட்டவர் ராபர்ட் ஹீத் லாக். பட்டாணியையும் சோளத்தையும் பேராதனையிலே கலப்பு விதையாக்கிப் பரம்பரைக் குணங்களை ஆராய்ந்த அவ்விளைஞர், மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்பும் ராட்சத மூங்கில் முளைகளை இரவும் பகலும் அளந்து குறித்து, அதன் பயனாகிய நீண்ட கட்டுரையை 1904இல் பூங்காவின் ஆண்டேட்டில் வெளியிட்டார். ஒரு நாளில் ஓர் அடிக்கும் மேலாக நீளுகிற அம்முளைகள், வெயிலேறிக் காற்று உலரும் பகலில் தளர்ந்தும், ஈரம் நிறைந்த இரவில் விரைந்தும் வளர்கின்றன என்பதும், காற்றின் ஈரமே அவ்வேகத்தைப் பெரிதும் ஆளுகிறது என்பதும் அவர் கண்ட முடிவு. வருஷத்துக்குச் சுமார் 80 அங்குல மழை பெய்து, ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து படரும் பேராதனையில் இம்மூங்கில் ஏன் இத்தனை உவந்து வாழ்கிறது என்பது இதனால் விளங்கும். மூங்கில் முளை மண்ணைவிட்டு வெளிப்படும்போதே அதன் முழுப் பருமனோடு வெளிப்படுகிறது. கணுக்கள் அத்தனையும் அம்முளைக்குள் முன்னரே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. தூரதிருஷ்டிக் கண்ணாடியின் குழாய்கள் ஒன்றனுள்ளிருந்து மற்றொன்றாக நீளுவதுபோல அவை சில மாதங்களுக்குள் நீண்டு உச்சியை அடைந்துவிடுகின்றன. அதற்கு வேண்டிய ஆகாரத்தைத் தருபவை, அதே தூறில் முன்னரே வளர்ந்து நிற்கும் மூத்த கழைகள். ஆதலால் மூத்தவற்றை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்ப்பவன் அடுத்த மழைக்கு மெலிந்த முளைகளையே காண்பான்.

மூங்கில்களில் இருவகை உண்டு. சீனம், ஜப்பான் முதலிய குளிர்ந்த தேசங்களின் மூங்கில்கள் பல, நிலத்தடியில் நீண்ட தண்டுகளை ஓடவிட்டு, நட்டவன் எதிர்பாராத இடத்தில், சில வேளை அயலான் வேலிக்கப்பாலும், முளைத்தெழுபவை. நமது உஷ்ண தேசத்து மூங்கில்களோ பெரும்பாலும் தூறு கட்டுபவை. அவற்றின் நிலத்தடித் தண்டு குறுகி வளைந்து உடனே மேல்நோக்கித் திரும்பிக் கழையாகிவிடுவதால், தூறு வருஷத்துக்குச் சிறிதளவே அகன்று, வைத்த இடத்திலேயே நிற்கும். கண்டியைச் சுற்றிய சரிவுகளில் வீட்டுக்குப் பின்னே கையளவு நிலம் உள்ளவரும் அஞ்சாமல் மூங்கில் வைத்துக்கொள்வது இக்குணத்தை நம்பியே. நானும் அவ்வாறு நம்பினவன்தான். ஆனால் தூறு கட்டும் மூங்கிலிலும் தேர்வு வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவை என் தோட்டத்தில் அடுத்தடுத்து நான் வைத்த நான்கு தூறுகள்.

முதலில் நட்டது ராட்சத மூங்கில். முழங்கால் உயரக் கன்றாக வந்த அது, ஒவ்வொரு வருஷமும் முந்திய வருஷத்தினும் பருத்த கழையை எழுப்பிற்று. ஒன்பதாம் வருஷத்தில் மதிற்சுவரில் வெடிப்பும், கூரை மேல் அடுக்கடுக்காகச் சருகும், வீட்டாருக்கு அச்சமும் உண்டாக்கி, நான்கு ஆட்கள் பல நாட்கள் பாடுபட்டுத் தோண்டியெடுக்க நேர்ந்தது. ஆற்றங்கரைக்கும் அகன்ற பூங்காவுக்கும் உரிய அதனை அரைக் காணியில்லாத சரிவில் நட்டது என் அறியாமை. அடுத்தது பம்பூசா வல்காரிஸ் என்னும் மஞ்சள் மூங்கில்: பொன்னிறக் கழையில் பசிய கோடு தீட்டினாற்போல் அழகியது, ஒரு துண்டை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலே துளிர்ப்பது. பச்சைக் கழையுடைய அதன் உடன்பிறப்பைத்தான் கண்டிப் பகுதி எங்கும் ஆற்றோரங்களில் காண்கிறோம். கரை இடிந்து விழாமல் மண்ணைப் பிடித்து நிறுத்துவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் இளமுளையைக் கருஞ்சுணை மூடியிருக்கும், தொட்டால் அரிக்கும். கழையில் மாச்சத்து மிகுதியாகையால் வெட்டியபின் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று ஊரார் சொல்வர். வெட்டியதைச் சில வாரம் ஓடும் நீரில் ஊறப்போடுவதையே நான் நம்புகிறேன், மாச்சத்து நீரில் கரைந்து போவதால். மூன்றாவது, பத்துப் பதினைந்து அடிக்குமேல் எழாத வேலி மூங்கில். சிறு வீட்டுக்கு அதனினும் உகந்தது வேறில்லை என்பது என் முடிந்த அபிப்பிராயம். நான்காவதாகிய சயாம் மூங்கில் நெருங்கி நேராக நின்று, உதிராத மடல்களைப் போர்த்துக்கொண்டு, வறட்சியையும் பொறுக்கிறது.

முள் மூங்கிலை மட்டும் நான் வைக்கவில்லை. ‘கட்டு உண’ என்று சிங்களவர் சொல்லும் அது, முப்பது நாற்பது வருஷங்களுக்கு ஒரு முறை காடு முழுவதும் ஒருங்கே பூத்து, விதைத்து, மடிவது. மூங்கில் பூத்தால் பஞ்சம் என்னும் பழைய பயத்துக்கு ஆதாரமும் இதுவே: மலைமலையாய் உதிரும் மூங்கிலரிசியைத் தின்று பெருகிய எலிகள், அது தீர்ந்ததும் வயல்களில் புகுந்துவிடும்.

பேராதனையில் ஓங்கி நிற்கும் அயல்நாட்டு ராட்சதனைக் காண வருவோர் ஆயிரக்கணக்கினர். இத்தீவுக்கே உரிய மூங்கிலினங்களைத் தேடிப் பார்ப்போர் அரியர். இதுவே நெடுநாளாக என் மனத்தை உறுத்தும் குறை. ஈரமான தாழ்நிலங்களிலும் அடிமலைச் சரிவுகளிலும் மரநிழலில் புதராய் வளரும் ‘பட்ட’ என்னும் மெல்லிய மூங்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாள நாட்டார் ‘ஈற்ற’ என்று வழங்குவதன் நெருங்கிய உறவாகிய இது இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. விரற் பருமனும் மெல்லிய சுவருமுடைய இதன் கழை கூடையாகிறது, சுளகாகிறது, புல்லாங்குழலாகிறது, வெசாக் காலத்தில் காகிதக் கூடுகளுக்கு எலும்பாகிறது. துவெய்ட்ஸ் 1864இல் ஒக்லாந்திரா என்னும் புதிய பேரினத்தை வகுத்தபோது, இதற்கு அமைந்த பெயர் ஒக்லாந்திரா ஸ்ட்ரிடுலா. ஸ்ட்ரிடுலா என்றால் ஒலி எழுப்புவது. உலர்ந்த பட்டக் கழைகளை மிதித்து நடக்கும்போது எழும் சடசட ஓசையே அப்பெயரின் பொருள். 1988இல் சோடர்ஸ்ட்ராம், எல்லிஸ் என்னும் இருவர் இலங்கையின் மூங்கில்களைத் தனி நூலாக ஆராய்ந்து எழுதினர். ஹோட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த மலைமுகடுகளில் வளரும் குறுமூங்கில்களுக்கு, 2014இல் இந்நாட்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, கிராமத்தார் வழங்கிய ‘குருண’ என்னும் சிங்களச் சொல்லையே பேரினப் பெயராக்கினர். சுதேசப் பெயர்களைக் கேட்டெழுதிய மூனின் பட்டியல் வெளிவந்து அன்றைக்கு 190 வருஷங்கள் ஆகியிருந்தன.

மலையகத் தோட்டங்களில் நம்மவர் கைப்பட்ட மூங்கிலின் கதையை எழுதிவைத்தவர் குறைவு. கோப்பியை 1869க்குப் பின் நோய் தின்று அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்த காலந்தொட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டி முதுகிலே தொங்கவிட்ட கொழுந்துக் கூடையை முடைந்தவை மூங்கிற் பிளாச்சுகளும் பிரம்பும் ஆகும். ஒரு தோட்டத்துக்கு எத்தனை பெண்கள் மலைக்குப் போயினரோ அத்தனை கூடைகள். அவற்றை முடையவும் செப்பனிடவும் தெரிந்த கைகள் லயந்தோறும் இருந்தன. இன்று பிளாஸ்டிக் கூடையும் சாக்கும் வந்துவிட்டன. யாழ்ப்பாணத்தார் பனையோலை நீத்துப்பெட்டியில் பிட்டு அவிக்க, கண்டிப் பகுதியிலோ கயிறு சுற்றிய மூங்கிற் குழலில் அவிப்பது வழக்கம். அக்குழலும் இப்பொழுது தகரமாக மாறி வருகிறது. மூங்கிலின் பச்சை வாசனை ஏறிய பிட்டை உண்டு வளர்ந்தவருக்கே அந்த இழப்பின் அளவு தெரியும்.

ராட்சத மூங்கிலைத் தோண்டிய குழியை நான் வெறுமனே விடவில்லை. அங்கே பட்டக் கன்றுகளை நட்டேன். திறந்த வெயிலில் இலை கருகி இருமுறை பட்டுப்போயின. மூன்றாம் முறை, பலா மரத்தின் நிழலில், சருகைக் கனமாகப் பரப்பி வைத்தபோது பற்றிக்கொண்டன. சென்ற ஆனி மழைக்குப் பென்சிலளவு முளைகள் பதினேழு வந்தன. கலகாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இன்றும் கூடை முடைந்து பிழைக்கிற ஒரு மூதாட்டியை அழைத்து அவற்றைக் காட்டினேன். குனிந்து ஒரு கழையை நகத்தால் கீறிப் பார்த்து, கணுவுக்குக் கணு இடைவெளியை விரலால் சாண் வைத்து அளந்து, “இந்தப் பிஞ்சு கூடைக்கு நிக்காதுங்க ஐயா. ரெண்டு வருசம் போகட்டும், நானே வந்து வெட்டுறேன், வேற ஆள விட்டு வெட்டிடாதீங்க” என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் உலர்ந்து கிடந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனார்.