மூட்டைப்பூச்சி ஒழிப்பு வரலாறு

மூட்டைப்பூச்சி மனிதரின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் சிறு பூச்சி ஆகும். கோடைக்காலத்தில் வேகமாகப் பெருகி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வீட்டுப் பூச்சிகளில் இது முக்கியமானது. வெந்நீர், வெயில், மண்ணெண்ணெய் என்று கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டே தமிழ்நாட்டு மக்கள் நெடுங்காலம் இதனை எதிர்த்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வந்தபோது மூட்டைப்பூச்சியின் கதை முடிந்தது என்றே தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த நஞ்சைத் தாங்கும் பூச்சிகள் தோன்றின. அதன் விளைவு கட்டிலோடு நிற்கவில்லை. மலேரியாவை ஒழிக்க மருந்து தெளிக்க வந்த பணியாளருக்கு மக்கள் கதவைத் திறப்பதா, மூடுவதா என்பது வரை அது சென்றது.

பூச்சியும் கோடையும்

வீடுகளில் காணப்படும் மூட்டைப்பூச்சிகளில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. குளிர்நாடுகளில் மிகுதியாகக் காணப்படுவது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் மிகுதியாக இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இரண்டும் செம்பழுப்பு நிறமும் தட்டையான உடலும் கொண்டவை. வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இவற்றால் பறக்க இயலாது. பகலில் கட்டில் பொருத்துகள், பாயின் ஓரத் தையல், தலையணை மடிப்பு, சுவர் வெடிப்பு, படச்சட்டத்தின் பின்புறம் ஆகிய இடங்களில் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து கடிக்கும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஐந்து முறை தோலுரித்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கு முன்பும் அது இரத்தம் குடித்தாக வேண்டும். இந்த வளர்ச்சி வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த சூழலில் பல மாதங்கள் நீளும் இந்தச் சுழற்சி, கோடையில் ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். மாசியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சில பூச்சிகள் சித்திரை, வைகாசியில் வீடு முழுவதும் பரவுவதற்கு இதுவே காரணம்.

அதே வெப்பம் ஓர் எல்லையைக் கடந்தால் பூச்சிக்கே எமனாகிறது. 45 பாகை செல்சியசில் வைக்கப்பட்ட மூட்டைப்பூச்சிகள் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இறந்துவிடுகின்றன. 50 பாகைக்கு மேல் சென்றால் சில நிமிடங்களே போதும். முட்டைகள் மட்டும் இதைவிடச் சற்று அதிக வெப்பத்தைத் தாங்கும். கோடை பூச்சியைப் பெருக்கும் காலமாகவும் கொல்லும் காலமாகவும் இருப்பதன் பொருள் இதுதான்.

வீட்டு முறைகள்

வேதிப் பூச்சிக்கொல்லிகள் வருவதற்கு முன் இருந்த முறைகளில் முதன்மையானவை வெந்நீரும் வெயிலும் ஆகும். கோடை விடுமுறை நாள்களில் கட்டில்களையும் நாற்காலிகளையும் முற்றத்திலோ தெருவிலோ போட்டு, பொருத்துகளிலும் துளைகளிலும் கொதிக்கும் நீரை ஊற்றுவர். கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துத் தரையில் ஓங்கித் தட்டுவர். சுடுகின்ற தரையில் விழும் பூச்சிகள் நிழலுக்கு ஓடுவதற்குள் மிதித்துக் கொல்வது சிறுவர்களின் வேலை. பாய், தலையணை, மெத்தை ஆகியவற்றை வெயிலில் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டிப் போடுவர். புரட்டாமல் விட்டால் பூச்சிகள் அடிப்பக்கத்துக்கு நகர்ந்து தப்பிவிடும்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலோ இறகாலோ கட்டில் இடுக்குகளைத் துடைப்பதும் வழக்கம். வேப்பிலையையும் நொச்சி இலையையும் படுக்கையின் கீழ்ப் பரப்பினர். வசம்பைப் பொடித்துத் தூவினர். சுவர் வெடிப்புகளை மண் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடித்தனர். இந்த இறுதி வேலை பூச்சியின் இருப்பிடத்தையே இல்லாமல் செய்ததால், இலைகளைப் பரப்புவதைவிட நீண்ட பயன் தந்தது. இவை எல்லாம் உடல் உழைப்பைக் கோரிய முறைகள். அந்த உழைப்பின் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்தது. ஒரு நாள் செய்தால் போதாது. முட்டைகள் பொரித்ததும் மீண்டும் செய்ய வேண்டும். ‘மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல’ என்ற பழமொழி அந்தச் சலிப்பை நன்றாகவே காட்டுகிறது.

சென்னையில் நடந்த ஆய்வு

மூட்டைப்பூச்சி நோயைப் பரப்புகிறதா என்ற கேள்விக்கு விடை தேடிய தொடக்க ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலுக்குக் காரணமான ஒட்டுண்ணியை 1903-இல் வில்லியம் லீஷ்மன் இங்கிலாந்திலும் சார்லஸ் டோனவன் சென்னையிலும் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். ஒட்டுண்ணி தெரிந்துவிட்டது, அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படிச் செல்கிறது என்பது தெரியவில்லை.

இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த வால்டர் ஸ்காட் பாட்டன், நோயாளிகளைக் கடித்த மூட்டைப்பூச்சிகளின் குடலில் அந்த ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டு 1907-இல் அறிக்கை வெளியிட்டார். மூட்டைப்பூச்சியே இந்நோயைக் கடத்துகிறது என்பது அவருடைய கருத்து. பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி வளர்வது வேறு, கடியின் வழியே அது மனிதருக்குச் செல்வது வேறு. இரண்டாவதை அவரால் நிறுவ இயலவில்லை. பின்னர் ஆய்வாளர்களின் கவனம் மணல் ஈயின் பக்கம் திரும்பியது. 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் மணல் ஈயின் கடியால் நோய் பரவுவதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினர். மூட்டைப்பூச்சி இயற்கையில் மனிதருக்கு நோய் பரப்புவதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. அரிப்பும் தூக்கக் கேடுமே அதன் முதன்மையான தீங்குகள்.

பூவிலிருந்து டி.டி.டி. வரை

வீட்டுக்குள் பூச்சிக்கொல்லி தெளிக்கும் வழக்கம் டி.டி.டி.க்கு முன்பே தொடங்கிவிட்டது. சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் உலர்ந்த பூக்களிலிருந்து எடுக்கப்படும் பைரித்ரம் பூச்சிகளை உடனே வீழ்த்தும் ஆற்றல் உடையது. 1930-களின் இறுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரசல், காவிரிப் பாசனம் விரிவாக்கப்பட்ட பட்டுக்கோட்டைப் பகுதியில் வீடுகளுக்குள் பைரித்ரம் தெளித்து, மலேரியாவைப் பரப்பும் கொசுக்களைக் கொல்லும் முறையை ஆராய்ந்தார். பைரித்ரத்தின் ஆற்றல் விரைவில் மறைந்துவிடும் என்பதால் அடிக்கடி தெளிக்க வேண்டியிருந்தது.

இந்தக் குறையை டி.டி.டி. நீக்கியது. 1874-லேயே உருவாக்கப்பட்டிருந்த இந்த வேதிப்பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. சுவரில் ஒருமுறை தெளித்தால் பல மாதங்கள் அதன் ஆற்றல் நிலைத்திருக்கும். அந்தச் சுவரில் உட்காரும் கொசுவும், அதன் மேல் ஊரும் மூட்டைப்பூச்சியும் இறந்துவிடும்.

மலேரியாத் தெளிப்பு

இந்தியா விடுதலை அடைந்த காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர் என்றும், 8 லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1958-இல் அது ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. தெளிப்புப் பணியாளர்கள் கை பம்புகளுடன் வீடு வீடாகச் சென்று, அறைகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளித்து, தெளித்த நாளைச் சுவரில் எழுதிச் சென்றனர். 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது.

அரசு தெளித்தது கொசுவுக்காக. மக்கள் வரவேற்றதற்கோ வேறொரு காரணமும் இருந்தது. கொசு குறைந்ததால் காய்ச்சல் குறைந்தது என்பதை உணரச் சில மாதங்கள் ஆகும். மூட்டைப்பூச்சி செத்து விழுவதோ மறுநாள் காலையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. பாத்திரங்களையும் தானியத்தையும் வெளியே எடுத்து வைத்து, வாடையையும் சுவரில் படியும் வெள்ளைக் கறையையும் பொறுத்துக்கொண்டதற்கு, அன்றிரவு கிடைத்த தூக்கம் கைம்மாறாக இருந்தது.

எதிர்ப்பாற்றல்

மூட்டைப்பூச்சிகள் டி.டி.டி.யைத் தாங்குவது 1947-இலேயே ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகப் படைவீடுகளில் காணப்பட்டது. 1950-களில் வெப்ப நாடுகள் பலவற்றிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. நஞ்சைத் தாங்கும் தன்மையைப் பிறவியிலேயே பெற்ற சில பூச்சிகள் தெளிப்புக்குப் பின் உயிர் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளும் அதே தன்மையைப் பெற்றன. சில தலைமுறைகளில் தாங்கும் பூச்சிகளே எஞ்சின. ஒரு தலைமுறைக்கு ஓரிரு மாதங்களே ஆகும் வெப்ப நாடுகளில் இது விரைவாக நடந்தது.

இதில் மற்றொரு சிக்கலும் இருந்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற பூச்சிகளை டி.டி.டி. கொல்லவில்லை என்றாலும் உறுத்தியது. அவை இடுக்குகளை விட்டு வெளியேறி அங்குமிங்கும் அலைந்தன. மருந்து தெளித்த பிறகு மூட்டைப்பூச்சி கூடிவிட்டது என்று மக்கள் சொன்னதற்கு இது ஒரு காரணம். பல நாடுகளில் மலேரியாப் பணியாளர்களை வீட்டுக்குள் விட மக்கள் மறுத்ததற்கு மூட்டைப்பூச்சி ஒரு காரணமாகப் பதிவாகியுள்ளது. மருந்து கொசுவைக் கொன்றுகொண்டிருந்த இடங்களிலும் மக்கள் கண்ணால் கண்ட அளவுகோலில் அது தோற்றுப்போனது. தெளித்த சுவரை மண்ணும் சாணமும் கொண்டு மெழுகி மறைப்பதும் தெளிப்பின் பயனைக் குறைத்தது.

கொசுக்களும் எதிர்ப்பாற்றல் பெற்றன. பணத் தட்டுப்பாடும் மருந்துத் தட்டுப்பாடும் கண்காணிப்புத் தளர்வும் சேர்ந்துகொண்டன. 1976-இல் இந்தியாவில் மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. இந்த மீள்வருகைக்கு மூட்டைப்பூச்சி நேரடிக் காரணம் அன்று. ஆனால் ஒரு பொதுநலத் திட்டம் மக்களின் ஒத்துழைப்பை எதனால் பெறுகிறது, எதனால் இழக்கிறது என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

வீட்டுக்குள் வந்த நஞ்சு

டி.டி.டி. பயனற்றுப் போனபின் மக்கள் கடைகளில் விற்கப்பட்ட நஞ்சுகளை நாடினர். ‘டிக்-20’ போன்ற பெயர்கள் வீடுதோறும் தெரிந்தவையாயின. மூட்டைப்பூச்சியைக் கொல்லும் இயந்திரம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பியவருக்கு இரண்டு கற்கள் வந்துசேர்ந்தன என்ற நகைச்சுவைக் கதை தமிழில் நெடுநாள் வழங்கியது. பூச்சியைப் பிடித்து ஒரு கல்லின் மேல் வைத்து மற்றொன்றால் நசுக்க வேண்டுமாம்! சிரிப்புக்குப் பின்னால் இருந்தது வேறு நிலைமை. சமையலறை அலமாரியில் இருந்த அந்தப் புட்டிகளால் நேர்ந்த நச்சு விபத்துகளும் உயிரிழப்புகளும் பல. கட்டிலின் தொல்லையை நீக்க வாங்கிய பொருள் வீட்டில் உள்ளவர்களுக்கே ஆபத்தானது.

1962-இல் வெளிவந்த ராச்சேல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ என்ற நூல், டி.டி.டி. போன்ற பொருள்கள் உணவுச் சங்கிலியில் சேர்வதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-இல் தடைசெய்யப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் அது தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது.

மீள்வருகையும் இன்றைய முறையும்

1990-களின் இறுதியிலிருந்து உலகின் பல பெருநகரங்களில் மூட்டைப்பூச்சி மீண்டும் பெருகியது. பயணங்கள் பெருகியது ஒரு காரணம். பைரித்ரத்தைப் பின்பற்றிச் செயற்கையாகத் தயாரிக்கப்படும் பைரித்ராய்டு மருந்துகளையும் பூச்சிகள் தாங்கப் பழகிவிட்டது மற்றொரு காரணம். டி.டி.டி.யும் பைரித்ராய்டுகளும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குபவை. ஆகவே முன்னதை எதிர்க்க உதவிய மரபு மாற்றம் பின்னதை எதிர்க்கவும் உதவியது.

இதனால் இன்றைய வல்லுநர்கள் ஒரே மருந்தை மட்டும் நம்புவதில்லை. அறையையே 50 பாகைக்கு மேல் சூடாக்குதல், நீராவி பாய்ச்சுதல், துணிகளை வெந்நீரில் துவைத்தல், வெடிப்புகளை அடைத்தல், பழைய கட்டில் வாங்கும்போது பொருத்துகளைச் சோதித்தல், தேவையான இடத்தில் மட்டும் அனுமதிக்கப்பட்ட மருந்தைப் பயன்படுத்துதல், முட்டைகள் பொரிக்கும் கால அளவைக் கணக்கிட்டு மீண்டும் செய்தல் ஆகியவை சேர்ந்ததே இன்றைய முறை. வயலுக்கான பூச்சிமருந்தைப் படுக்கையறையில் தெளிப்பது உயிருக்கே ஆபத்தானது. டி.டி.டி.க்கும் அதன்பின் வந்த நஞ்சுகளுக்கும் பழகிப்போன மூட்டைப்பூச்சி, கொதிநீரையும் கடும் வெப்பத்தையும் தாங்கப் பழகவில்லை.